பஃப் பேனல் அறை நாலு மணிக்கு ஏன் கொதிக்கிறது?

கேள்வி: எங்கள் வீடு பல்லாவரத்தில் இருக்கிறது. தரைத்தளமும் முதல் மாடியும் பழைய கான்கிரீட் கட்டடம். தையல் கூடம் வைப்பதற்காகப் போன தை மாதம் மொட்டை மாடியில் கிழக்கு மேற்கு நீளமாக 10-க்கு 20 அடியில் ஒரு பஃப் பேனல் அறை போட்டோம். சுவர், கூரை இரண்டும் 50 மி.மீ. பேனல். உயரம் 8 அடி. செங்கல் சுவர் எழுப்பினால் பழைய கட்டடம் தாங்காது என்று பொறியாளர் சொன்னதால்தான் இந்த முடிவுக்கு வந்தோம். ஷெட் போட்டுக் கொடுத்தவர், “இது தெர்மாஸ் மாதிரிம்மா, வெயில் உள்ளே வரவே வராது, ஏசியே வேண்டாம்” என்றார். ஜன்னல் அதிகம் வைத்தால் குளிர்ச்சி போய்விடும் என்று அவர் சொன்னதால், மேற்கே தெருப்பக்கம் 6-க்கு 4 அடியில் ஒரே ஒரு ஸ்லைடிங் ஜன்னலும் கிழக்கே கதவும் மட்டும் வைத்தோம். கூரைக்கு நீல நிறம். தரையில் வினைல் மேட் ஒட்டியிருக்கிறோம்.

மாசி வரை ஒன்றும் தெரியவில்லை. இப்போது மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடிவதில்லை. நாலு மணிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நிற்பது சுகமாக இருக்கிறது. அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வாரம் ஒருத்திக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பொழுது சாய்ந்து கதவைத் திறந்து வைத்தால் ஏழரை மணிக்குள் இந்த அறை ஆறிவிடுகிறது. கீழே கான்கிரீட் வீடோ நடுராத்திரி வரை தகிக்கிறது. ஏசி போடவும் கரண்ட் பில் கட்டவும் எங்களுக்கு வசதி இல்லை. வேறு வழி உண்டா?

– ஒரு வாசகி, பல்லாவரம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. வெக்கையில் தலைசுற்றல் வந்தால் வேலையை நிறுத்தி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, நீர்மோரோ உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரோ கொடுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நான் கீழே சொல்லும் வேலைகள் முடியும்வரை தையலைக் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, மறுபடி மாலை ஐந்தரைக்கு மேல் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி அறைக்கு வருகிறேன். உங்களுக்குப் புரியவில்லை என்று சொன்ன அந்தக் கடைசி விஷயத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் எடை வரும். உங்கள் பேனல், இருபக்கத் தகடும் நடுவில் உள்ள நுரையும் சேர்த்து, சுமார் 10 கிலோதான். செங்கல்லும் கான்கிரீட்டும் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும், குடித்ததை ராத்திரி நமக்குத் திருப்பித் தரும். அதனால்தான் உங்கள் கீழ்வீடு நடுராத்திரி வரை தகிக்கிறது. பேனலுக்குக் குடித்து வைக்க வயிறே கிடையாது. வெளியே எப்படியோ சீக்கிரமே உள்ளேயும் அப்படி. மாலையில் சட்டென்று ஆறுவது இதனால்தான். மதியம் சட்டென்று கொதிப்பதும் இதே காரணத்தால்தான். உள்ளே வந்த ஒவ்வொரு வாட் வெப்பமும், வாங்கி வைத்துக்கொள்ளச் சுவர் இல்லாததால், நேரே காற்றில் ஏறுகிறது. உங்கள் அறைக் காற்று மொத்தமும் சேர்த்து ஐம்பது கிலோ சொச்சம்தான். அதைச் சூடேற்ற அதிக நேரம் ஆகாது.

ஆனால் பஃப் இருக்கும்போது வெப்பம் எப்படி உள்ளே வந்தது? ஷெட் போட்டவர் சொன்னதில் பாதி உண்மை. பஃப் என்று நாம் சொல்லும் பாலியூரித்தேன் நுரை அருமையான வெப்பத்தடுப்பு. வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் சிக்கன விதியான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-இல் வந்தது. கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் வரம்பு. வெறும் கான்கிரீட் தளம் இதில் தேறாது. உங்கள் 50 மி.மீ. பேனலின் கணக்கு சுமார் 0.45. நன்றாகவே தேறுகிறது. உச்சி வெயிலில் நீலத் தகடு 65 டிகிரியைத் தாண்டிச் சுடும். அப்போதும் மொத்தக் கூரை வழியாக உள்ளே இறங்குவது 300 வாட்டுக்குள்தான் இருக்கும். அதே இடத்தில் வெறும் தகரக் கூரை இருந்தால் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இறங்கியிருக்கும். ஆக, நீங்கள் கொடுத்த காசு வீண் போகவில்லை.

தவறு எங்கே என்றால், ஜன்னலில். சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நாலு மணிச் சூரியன் மேற்குச் சுவரை ஏறக்குறைய நேருக்கு நேர் பார்க்கிறது. 24 சதுர அடிக் கண்ணாடி வழியாக அந்த நேரத்தில் சுமார் ஒரு கிலோவாட் உள்ளே வருகிறது. கூரையும் நான்கு சுவர்களும் சேர்ந்து விடுவதைவிட இது அதிகம். இதற்கு மேல் நீங்கள் நாலு பேர், ஆளுக்கு 100 வாட். இஸ்திரிப் பெட்டி விட்டுவிட்டு எரிந்தாலும் சராசரியாக 400 வாட் ஆகும். தையல் மெஷின் மோட்டார்களும் விளக்கும் இன்னொரு 200. எல்லாம் கூட்டினால் இரண்டரைக் கிலோவாட். சொல்லப்போனால் உங்கள் மேசையில் இருக்கும் இஸ்திரிப் பெட்டிக்குத் துணையாக இன்னும் இரண்டு பெட்டிகளை இடைவிடாமல் எரியவிட்ட மாதிரி. இவ்வளவும் வெளியேற வழியில்லாமல் மூடிய பெட்டிக்குள் சுற்றுகிறது. தெர்மாஸ் என்றார் அல்லவா? தெர்மாஸ் குளிர்ச்சியை மட்டும் காப்பதில்லை, உள்ளே ஊற்றிய டீயின் சூட்டையும் அதே விசுவாசத்தோடு காக்கும்.

இலேசான கட்டடத்துக்கு நான் அறிந்த முதல் விதி: வெயில் கட்டடத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அதை நிறுத்த வேண்டும். தொட்ட பிறகு தடுப்பது இரண்டாம்பட்சம். உள்ளே வந்த பிறகு விரட்டுவது மூன்றாம்பட்சம். நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எல்லோரும் நுரையின் கனத்தைப் பற்றியே பேசுகிறார்கள், நிழலைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல. 2005 கோடையில், சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு ஒரு குழுவோடு போயிருந்தேன். கறுப்புத் தார் சீட்டால் வரிசை வரிசையாகக் கொட்டகைகள். பகல் பதினொரு மணிக்கே உள்ளே யாரும் இல்லை. பச்சைக் குழந்தைகளைக் கூட வேப்ப மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கொட்டகைக்குள் மட்டும் ஒரு பாட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தேன். தார் சீட்டுக்கு மேல், நாலு சவுக்குக் கம்பு நட்டு, ஒரு முழம் இடைவெளி விட்டு, தென்னங்கீற்றுப் பந்தல். “சீட்டுல வெயில் படாம இருந்தா போதும் தம்பி” என்றார் அவர். நான் படித்த பாடம் முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அதே ஒரு முழ இடைவெளியைப் பிரான்ஸ் நாட்டு வடிவமைப்பாளர் ழான் ப்ரூவே அலுமினியத்தில் செய்துபார்த்தார். ஆப்பிரிக்காவில் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களுக்காக அவர் உருவாக்கிய ‘வெப்பமண்டல வீடு’ தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்யப்பட்டு விமானத்தில் போனது. 1949-இல் நைஜரின் நியாமியில் ஒன்று, 1951-இல் காங்கோவின் பிராசவில்லில் இரண்டு. உங்கள் அறை போலவே எடையில்லாத உலோக வீடு. ஆனால் கூரை இரட்டை. மேல்கூரை வெயிலை வாங்கிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே காற்று ஓடிச் சூட்டை அள்ளிப் போகும். சுற்றிலும் தாழ்வாரம், அதன் விளிம்பில் வெயிலை மறிக்கும் அலுமினியப் பட்டைகள். விலை கட்டுப்படியாகாமல் அந்த வீடு பெருகவில்லை. ஆனால் அதன் யோசனையில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் மாடியில் இதை எப்படிச் செய்வது? முதலில் அந்த மேற்கு ஜன்னல். உள்ளே திரை போடுவதால் பெரிய பலன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சுட, திரை அறையைச் சுடும். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். மாலை வெயில் தாழ்ந்து வருவதால் மேலே நீட்டிய சன்ஷேட் மட்டும் போதாது. மூங்கில் தட்டியோ பிளாஸ்டிக் அல்லாத பாய்த்திரையோ வாங்கி, ஜன்னலுக்கு வெளியே ஓர் அடி தள்ளி, மேலிருந்து ஜன்னலின் கீழ்விளிம்பு வரை தொங்கவிடுங்கள். இரண்டு மணிக்கு இறக்கி, ஆறரைக்கு ஏற்றிவிடலாம். இந்த ஒரு வேலைக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும். உங்கள் இரண்டரைக் கிலோவாட்டில் முக்கால் கிலோவாட்டுக்கு மேல் அப்படியே கழிந்துவிடும். வேறெதற்கும் கையில் பணம் இல்லையென்றாலும் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அடுத்து கூரை. நீலத்தின் மேல் தகரத்துக்கான வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் தகட்டின் சூடு கணிசமாகக் குறையும். சுண்ணாம்பு வேண்டாம். வழவழப்பான தகட்டில் அது நிற்காது, முதல் மழைக்கே உரிந்துவிடும். சுண்ணாம்புக்கு வேறு இடம் இருக்கிறது, அறையைச் சுற்றியுள்ள மொட்டை மாடித் தரை. பலரும் மறந்துவிடும் இடம் இது. காற்று ஜன்னலுக்குள் வருவதற்கு முன் கொதிக்கும் தரையைத் தடவிக்கொண்டுதான் வருகிறது. மாடித் தரைக்கு வெள்ளை அடித்தால் வரும் காற்றும் குளிரும், கீழ்வீட்டுக்காரர்களுக்கும் ராத்திரித் தூக்கம் கிடைக்கும்.

பெயிண்டைவிட மேலானது பந்தல். ஜி.ஐ. பைப்பில் சட்டம் போட்டு, பேனல் கூரைக்கு மேல் ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி வரை இடைவெளி விட்டு, நர்சரிகளில் கட்டும் நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். 75 சதவீதம் அல்லது 90 சதவீதம் நிழல் தரும் வலை கிடைக்கும். நாலு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டிவிட்டால் சுவருக்கும் நிழல். இடைவெளியின் ஓரங்களை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் அது இரட்டைக் கூரை அல்ல, இன்னொரு சூட்டுப்பெட்டி. சட்டத்தின் கால்களைப் பேனலில் திருகாமல் கட்டடத்தின் தூண் அல்லது கைப்பிடிச் சுவரில் பிடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வலையைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மாடிகளில் என்ன செய்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

என்றாவது கையில் பணம் வந்தால் வலைக்குப் பதில் சோலார் பேனல். கூரைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் நிற்கும் சோலார் பேனல் தானே ஒரு குடை. நிழலும் தரும், உங்கள் மெஷின்களுக்கு மின்சாரமும் தரும். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 3 கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். உங்கள் வீட்டு இணைப்புக்கு அது பொருந்துமா என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கீற்று போடலாமா என்று கேட்பீர்கள். நிழலைப் பொறுத்தவரை கீற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி இருக்கும் இடத்துக்கு மேலே நான் அதைச் சொல்ல மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன்பிறகு தமிழகம் முழுவதும் பள்ளிகளில் கீற்றை இறக்கினார்கள். இறக்கியது சரி. ஆனால் அதற்குப் பதிலாகப் பல இடங்களில் மேலேறியது வெறும் சீட். நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்ட பிள்ளைகளை நாம் வெக்கையில் உட்காரவைத்துவிட்டோம் என்பது இருபது வருடமாக என் மனதை அறுக்கிறது. நெருப்புக்கும் வெக்கைக்கும் சேர்த்தே ஒரு கூரையை யோசிக்க நமக்குத் தெரியாமல் இல்லை, அக்கறை போதவில்லை.

இனி காற்று. உங்கள் அறையின் நீளச் சுவர்கள் தெற்கிலும் வடக்கிலும் இருக்கின்றன. அது அதிர்ஷ்டம். கோடையில் சென்னைக்குக் காலையில் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ தரைக்காற்று, மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. தெற்குச் சுவர் திறந்திருந்தால் இரண்டையும் பிடிக்கலாம். தெற்கில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உட்கார்ந்து தைப்பவர் உடம்பில் படும்படி திறப்புகள் வையுங்கள். வடக்கில் கூரைக்கு ஒட்டினாற்போல் உயரத்தில் வையுங்கள். சூடான காற்று மேலே தேங்குவதால் அது போகும் வழி உச்சியில்தான் இருக்க வேண்டும். அளவு, பக்கத்துக்கு 20 சதுர அடி, அதாவது தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மழை தெறிக்காத சாய்பட்டை ஷட்டர் நல்லது. ஸ்லைடிங் வேண்டாம், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். வடக்குத் திறப்புக்கு மேலும் சிறு மறைப்பு வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பேனலை வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. வெட்டிய விளிம்பில் நுரை வெளியே தெரிய விட்டுவிடக் கூடாது. யு சேனல் மாட்டிச் சீலன்ட் அடைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் தகட்டுக்கும் நுரைக்கும் நடுவே மழைத்தண்ணீர் இறங்கும். இரண்டு வருடத்தில் தகடு துருப்பிடித்து உப்பும்.

இந்தத் திறப்புகளால் பலன் என்ன என்று கணக்கில் சொல்கிறேன். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்று உள்ளே வந்து போனால், ஒவ்வொரு 330 வாட்டுக்கும் அறை வெளியைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும். இன்றைய இரண்டரைக் கிலோவாட்டுக்கு அப்படிக் காற்று ஓடினாலும் ஏழு, எட்டு டிகிரி கூடுதல். ஜன்னலுக்குத் தட்டி, கூரைக்குப் பந்தல் வந்து, இஸ்திரி மேசையும் வெளியே போய்விட்டால் மிச்சம் ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் இருக்கும். கூடுதல் மூன்று டிகிரி. காற்று இரட்டிப்பானால் ஒன்றரை டிகிரி. கடற்காற்று அடிக்கும் நாளில் இது தானாக நடக்கும். காற்றே அசையாத நாளுக்கு வடக்கு உச்சியில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போதும்.

நான் உங்களிடம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. நிழலும் காற்றும் எவ்வளவு இருந்தாலும், எடையில்லாத அறை பகலில் வெளி நிழலைவிடக் குளிர்ச்சியாகாது. அதற்கு ராத்திரிக் குளிரைச் சேமித்து வைக்கும் கனம் வேண்டும். பேனலில் அது இல்லை. ஆனால் உங்கள் காலடியில் இருக்கிறது. அறைக்குக் கீழே உள்ள கான்கிரீட் தளம் மட்டும் ஐந்து டன் இருக்கும். இப்போது அது நாள் முழுவதும் உங்கள் அறையின் நிழலில்தான் கிடக்கிறது. அதன் மேல் வினைல் மேட் ஒட்டிப் போர்வை போர்த்திவிட்டீர்கள். அந்த மேட்டை உரித்தெடுங்கள். வெறும் தட்டோடோ சிமென்ட் தரையோ இருக்கட்டும். இரவு முழுவதும் திறப்புகளைத் திறந்துவிட்டால் தரை குளிரும். மதியம் வெறுங்காலோடு மெஷினை மிதிக்கும்போது அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுவதை நீங்களே உணர்வீர்கள். நம் உடம்புக்கு வெப்பம் காற்றால் மட்டும் தெரிவதில்லை. மேலே தலைக்கு நேராக உள்ள கூரையின் சூடும் கீழே தரையின் சூடும் பாதிக் கணக்கு. உச்சந்தலையில் அனல் இறங்குகிறது என்று சொல்கிறோமே, அதன் பொருள் இதுதான்.

சுகம் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டு இந்தியாவுக்கென்று ஒரு கணக்கு வகுத்தார்கள். ஏசி இல்லாத, காற்றோட்டமான கட்டடத்தில், வெளிச்சராசரி 33 டிகிரியாக இருக்கும் மாதத்தில், சுமார் 30.5 டிகிரி நமக்கு இதமாகப் படுகிறது; அதற்கு மேல் இரண்டு டிகிரி சொச்சம் வரை பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். ஏசிக் கடையில் சொல்லும் 24 நமக்கு விதிக்கப்பட்டது அல்ல. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் இன்னும் மூன்று டிகிரி குறைந்தது போல் தோன்றும். அதற்கு ஃபேன் வேண்டும், ஆனால் சீலிங் ஃபேன் வேண்டாம். எட்டடி உயர அறையில் அது தலைக்கு ஆபத்து. தவிர, கூரையடியில் தேங்கிய அனலைக் கீழே தள்ளும். சுவரில் மாட்டும் ஃபேன் இரண்டு வாங்கி, பேனல் தகட்டில் அல்லாமல் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் பிடித்து, துணி பறக்காதபடி முதுகுப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். ஏர் கூலர் பல்லாவரத்துக்கு ஒத்துவராது. கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. அதன் மேல் இன்னும் ஈரம் சேர்த்தால் வேர்வை காயாமல் புழுக்கம்தான் மிஞ்சும். வேலூர், திருச்சியில் இருக்கும் உறவினர்கள் அதைப் புகழ்ந்தால் அவர்கள் ஊருக்கு அது சரி. வெளியே 38, 40 என்று போகிற நாளில், கத்திரியில் அப்படிப் பல நாள் வரும், மேலே சொன்னதெல்லாம் செய்தாலும் நடுமதியத்தில் அங்கே தைப்பது உடம்புக்கு நல்லதல்ல. அந்த நாட்களில் வேலை நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பின்னாளில் ஏசி போட நினைத்தால் அப்போது இந்தத் திறப்புகளை இறுக மூடும்படி கதவு வேண்டும், அதை இப்போதே சொல்லி வையுங்கள். ஏசி ஓடும் அறை ஓட்டைச் சல்லடையாக இருக்கக் கூடாது, ஏசி இல்லாத அறை அடைத்த டப்பாவாக இருக்கக் கூடாது. உங்களுக்குக் கட்டிக் கொடுத்தது ஏசி அறை. நீங்கள் அதில் ஏசி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இஸ்திரி மேசையை ஏன் வெளியே கொண்டுபோகச் சொல்கிறேன் என்பதற்கு வெப்பம் பாதிக் காரணம்தான். பாலியூரித்தேன் நுரை பற்றிக்கொண்டால் வரும் புகை உயிரைக் குடிக்கும் நச்சு. தகடு மூடியிருக்கும்வரை அது எளிதில் பற்றாது. ஆனால் ஸ்விட்ச் போர்டுக்காகத் துளைத்த இடங்களில் நுரை வெளியே தெரிந்தபடி இருக்கும். வயர்கள் கன்ட்யூட் குழாய்க்குள் போகின்றனவா, இஸ்திரிப் பெட்டிக்கு 16 ஆம்ப் பாயின்ட் தனியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கதவு ஒன்றுதான் என்பதால் அதன் வழியில் துணி மூட்டை, பெட்டி எதையும் அடுக்காதீர்கள். இஸ்திரி கதவுக்கு வெளியே, நீட்டிய பந்தலின் நிழலில் நடக்கட்டும், ஆனால் வழியை மறிக்காமல் ஓரமாக. தெற்கே வெட்டும் திறப்புகளில் ஒன்றையாவது ஆள் வெளியேறும் அளவுக்குப் பெரிதாக, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்னச் செலவு. சாதாரண வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றை அறைக்குள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், ஜன்னல் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மற்றதைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தொங்கவிடுங்கள். மூங்கில் தட்டி கட்டுவதற்கு முன்னால் மூன்று நாள், கட்டிய பின் மூன்று நாள், காலை பத்து, மதியம் இரண்டு, மாலை நாலு, இரவு எட்டு மணிக்கு இரண்டையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள். பந்தலுக்குச் செலவு செய்வதற்கு முன் எவ்வளவு இடைவெளி, எந்த வலை என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.